வாசற்படியும் வலந்தலையும்: செட்டிநாட்டில் ஓர் ஆடி வாரம்

ஜூலை 20, ஞாயிறு: காரைக்குடி

ரயில் காரைக்குடியை அடைந்தபோது இரவு பத்து மணியை நெருங்கிவிட்டது. நிலையத்தின் வாசலில் வேன் காத்திருந்தது. அதில் சாய்தளம் இல்லை. முன்பணம் பெற்றபோது சக்கர நாற்காலி அப்படியே உருண்டு ஏறிவிடும் என்று உறுதியளித்திருந்த வாடகை நிறுவனம், சாதாரணப் பன்னிரண்டு இருக்கை வண்டி ஒன்றை அனுப்பிவிட்டு, நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்று ஓட்டுநரிடம் சொல்லியனுப்பியிருந்தது. தூக்கப்பட வேண்டியவர் கஞ்சிரா என்னும் சிறு கைப்பறையை வாசிக்கும் வித்துவான். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது முதல் சக்கர நாற்காலியில் இயங்குபவர். தம்மை யார், எந்த இடத்தில் பிடித்துத் தூக்கலாம் என்பதில் மிகவும் கண்டிப்பானவர். உதவும் அவசரத்தில் ஓட்டுநர் நாற்காலியின் கையைப் பற்றி இழுக்க, "அண்ணே, அது கழண்டு உங்க கையோட வந்துரும். கீழ இருக்கிற கம்பியப் பிடிங்க" என்று அமைதியாகச் சொன்னார்.

அவருடன் வந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் பிறவியிலேயே பார்வையில்லாத மிருதங்க வித்துவான், ஐம்பதைக் கடந்தவர், முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். மற்றவர் கணினியில் இசையமைக்கும் இளம்பெண். மூளை முடக்குவாதத்தால் அவருடைய கைகள் நினைத்த இடத்தில் உடனே நிற்பதில்லை. பேச்சும் மெதுவாகவே வரும். காரைக்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சுற்றுவட்டாரப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கலந்துகொள்ளும் இசைப் பயிற்சிப் பட்டறைகளை இவர்கள் மூவரையும் கொண்டு நடத்த ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். பெட்டி தூக்குவதும், குறிப்பு எழுதுவதும், தண்ணீர் வாங்கி வருவதும் என் பொறுப்பு.

பேருந்து நிலையத்தின் அருகே ஒரு மெஸ்ஸில் இடியாப்பமும் தொட்டுக்கொள்ள வெங்காயக் கோசும் கிடைத்தன. கோசில் சோம்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. அந்த நேரத்துப் பசிக்கு அது குறையாகத் தெரியவில்லை. பரிமாறியவர் இசையமைப்பாளரைச் சுட்டிக்காட்டி, "அவுகளுக்கு என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் தம் கைப்பேசியில் ஒரு விரலால் தட்டெழுதினார், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பிறகு கைப்பேசி பேசியது: "எனக்கு மூன்று இடியாப்பம். என்னைக் கேட்டால் நானே சொல்வேன்." பரிமாறியவர் கோபிக்கவில்லை. "சரிம்மா, தப்பா நெனைச்சுக்காதீக" என்று அவரிடமே சொல்லிவிட்டு, தேங்காய்ப்பால் வேண்டுமா என்று கேட்டு, பதில் வரும்வரை கையில் வாளியுடன் நின்றார். நால்வருக்கும் 310 ரூபாய் ஆயிற்று.

ஜூலை 21, திங்கள்: முதல் பள்ளி

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடிக் காற்று செம்மண் புழுதியை வாரிக்கொண்டு வந்து வேனுக்குள் கொட்டியது. வறண்ட பூமி இது. ஊருக்கு ஊர் இருக்கும் ஊருணிகளே ஒரு காலத்தில் குடிநீர் தந்தவை. வழியில் பார்த்த ஊருணி ஒன்றில் தண்ணீர் படித்துறையின் கடைசிக் கல்லுக்கும் கீழே கிடந்தது.

இந்த உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. அதில் முதல் நாற்பது நிமிடங்களை வரவேற்புரையும் பொன்னாடையும் விழுங்கிவிட்டன. பேசியவர்கள் அனைவரும் நல்ல மனத்துடன்தான் பேசினார்கள். இருந்தாலும், "குறை இருந்தும் சாதித்தவர்கள்" என்ற தொடர் நான்கு பேர் வாயிலிருந்து நான்கு முறை வந்தபோது, மிருதங்க வித்துவான் மடியில் கிடந்த பொன்னாடையின் சரிகையை நகத்தால் சுரண்டத் தொடங்கிவிட்டார். அவர் எவ்வளவு காலம் சாதகம் செய்தார், யாரிடம் கற்றார், எந்தப் பாணியில் வாசிப்பவர் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வித்துவானை வரவேற்கும்போது நம் ஊரில் முதலில் கேட்கப்படுவது குருவின் பெயர்தான். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது.

பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஐவரை முன்வரிசையில் தனியே அமர்த்தி, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் பின்னால் தரையில் இருந்தார்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் கஞ்சிரா வித்துவான் செய்த முதல் வேலை அந்த வரிசையைக் கலைத்ததுதான். "நீங்க அஞ்சு பேரும் எந்த வகுப்போ, அந்த வகுப்புப் பசங்களோட போய் உக்காருங்க. வாசிக்கப் போறது எல்லாரும்தான்" என்றார். தலைமையாசிரியரின் முகம் சற்று மாறியது, தடுக்கவில்லை.

மீதியிருந்த ஐம்பது நிமிடத்தில், தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு மட்டுமே சொல்லிக்கொடுக்க முடிந்தது. நான்குக்குத் "தகதிமி", மூன்றுக்குத் "தகிட", இரண்டையும் சேர்த்தால் ஏழு. ஆதி தாளத்தைக் கையில் போடுவதென்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல் முதல் மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை, மொத்தம் எட்டு. விரல்களைத் தனித்தனியே மடக்க முடியாத மாணவன் ஒருவன் திகைத்து நின்றான். கஞ்சிரா வித்துவான் அவனுக்கென்று தனியாகச் சலுகை எதுவும் அறிவிக்கவில்லை. "இப்ப எல்லாரும் கையை மடியில வச்சுக்கிட்டு, கண்ணிமையால எண்ணுங்க" என்று பள்ளி முழுவதற்கும் சொன்னார். அடுத்த சுற்றில் தோளால், அதற்கடுத்து நாக்கால். மூன்றாவது சுற்றில் அந்த மாணவன் மற்றவர்களைவிடத் துல்லியமாக எண்ணினான். ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினால் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். விதியையே எல்லோருக்கும் மாற்றிவிட்டால் யாரும் பார்ப்பதில்லை. இந்தத் தந்திரத்தை மேடையில் இருந்து வேடிக்கை பார்த்தவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. பத்து ஆண்டுகளாகத் தாமே திரும்பிப் பார்க்கப்பட்டவருக்குத்தான் அது தெரியும்.

மேடைக்கு ஐந்து படிகள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டரை அடி மேடைக்கு முப்பது அடி. அவர் கீழேயே இருந்துகொண்டார். இறுதியில் குழுப்படம் எடுக்கும்போது மட்டும் அவரை மேலே தூக்க நான்கு பேர் ஓடி வந்தார்கள்; படத்துக்கு மற்றவர்கள் கீழே இறங்கி வரட்டும் என்று டீச்சர் குரலை உயர்த்தியதும்தான் நின்றார்கள்.

ஜூலை 22, செவ்வாய்: ரவை

இன்றைக்குத் தொடக்கப் பள்ளி. மொத்தமே அறுபது பிள்ளைகள் இருப்பார்கள். மேடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை உணவு முடிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டத்தின் சமையல் அது.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்பினால்தான் அந்த ஆழ்ந்த ஓசை கிடைக்கும். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வித்துவானின் ரவை டப்பா விடுதி அறையிலேயே தங்கிவிட்டது. சமையல்காரம்மாவிடம் ஒரு கைப்பிடி ரவை கேட்டேன். "உப்புமா பத்தலையா தம்பி? இன்னும் இருக்கு, ஒரு தட்டு வைக்கவா?" என்றார். மத்தளத்துக்கு என்று விளக்கியதும் சந்தேகத்துடன் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, அது உண்மைதானா என்று பார்க்கப் பின்னாலேயே வந்து, முடியும்வரை கதவோரம் நின்றுவிட்டார். உப்புமாவும் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் வகுப்பில் காது கேளாத சிறுமி ஒருத்தி இருந்தாள். காதொலிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். காதில் பொருத்தும் அச்சு அவள் வளர்ந்த பிறகு தளர்ந்துவிட்டதால் பையிலேயே கிடக்கிறது. இசை வகுப்பு என்றதும் வகுப்பாசிரியை அவளை ஓவியம் வரையச் சொல்லிச் சன்னலருகே உட்கார்த்தியிருந்தார். வித்துவானுக்கு அவளைத் தெரியாது. வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டு, கைதட்டல்களை எண்ணி, "ஒரு கை குறையுதே" என்றார். அப்போதுதான் ஆசிரியை சொன்னார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அவர் பேசுவது அவளுக்குக் கேட்காது. அவள் காட்டும் சைகை அவருக்குத் தெரியாது. வழக்கமாக இத்தகைய இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் புகுந்து இருவருக்கும் நடுவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் எழுந்தேன், கஞ்சிரா வித்துவான் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார்.

சிறுமி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்து, மிருதங்கத்தின் பலாக் கட்டையின் நடுவில் உள்ளங்கையைப் படிய வைத்தார். தொப்பியில் ஒரே ஒரு அடி. அவள் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். பிறகு தானே மறுபடி வைத்தாள். வலப்பக்கமான வலந்தலையில் "நம்" என்று ஒரு மெல்லிய தட்டு. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மீண்டும் தொப்பி, புருவம் ஏறியது. தாழ்ந்த ஒலிகள்தாம் தோலில் நன்றாக உறைக்கும். கீச்சென்ற ஒலிகள் அந்த அளவுக்குக் கையில் தெரிவதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாள இசைக்கலைஞர் ஈவ்லின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வை உடம்பில் வாங்குவதற்காகவே மேடையில் பெரும்பாலும் வெறுங்காலுடன் நின்று வாசிப்பவர். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தாளக் கலைஞர்களுக்கு முன்னின்று வாசித்தவரும் அவரே. நம் ஊர்த் தரையில் பிள்ளைகள் ஏற்கெனவே வெறுங்காலுடன்தான் இருந்தார்கள்.

அதன் பிறகு அவர் அவளுடைய முழங்கைக்குக் கீழே நான்கு விரல்களால் "தகதிமி" என்று தட்டினார். அவள் அதைத் தொப்பியில் திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு முறை, இன்னொரு முறை. நான்காவது தடவை அவள் ஐந்து தட்டு தட்டினாள். தவறுதலாகவா, வேண்டுமென்றா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைத் திருத்தவில்லை. "கண்டமா? சரி, கண்டத்துக்கே போவோம்" என்று சிரித்து, "தகதகிட" என்று அவள் கையிலேயே ஐந்தைத் தட்டி ஒப்புதல் கொடுத்தார். தாளத்தில் கண்டம் என்றால் ஐந்து. வகுப்பு முழுவதும் ஐந்துக்கு மாறியது. அவள் கையை உயர்த்தினால் தொடக்கம், தாழ்த்தினால் நிறுத்தம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அவள் கை உயர்வது வித்துவானுக்குத் தெரியாது என்பதால், பக்கத்தில் இருந்த பையன் அந்தக் கணத்தில் அவர் முழங்காலைத் தொட வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஒரு கட்டத்தில் வித்துவான் உற்சாகத்தில் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். சிறுமி எட்டி அவருடைய வலக்கை விரல்களின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள். மிருதங்கம் நின்றது. கச்சேரி மேடையில் பாடகரே தயங்கித்தான் செய்யக்கூடிய காரியம் அது. "உத்தரவு" என்றார் அவர்.

எல்லாம் முடிந்த பிறகு வகுப்பாசிரியை கேட்ட கேள்வி இந்த வாரத்தின் மிக நல்ல கேள்வி: "சார், நாளைக்கு இங்க மிருதங்கம் இருக்காது. நான் என்ன பண்றது?" வித்துவான் எழுந்து, சத்துணவுக் கூடத்தில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அரிசி போட்டு வைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் காலியாக இருந்தால் போதும் என்றும், அதைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிள்ளைகள் அதன் வயிற்றில் கைவைக்க வேண்டும் என்றும் சொன்னார். சமையல்காரம்மா அதற்கு உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

மதியம் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் இந்தப் பதார்த்தத்துக்காகவே மறுபடி வரலாம். சாப்பாடு 120 ரூபாய்.

ஜூலை 23, புதன்: பித்தளைச் செம்புகள்

இந்தப் பள்ளி, பழைய நகரத்தார் வீடொன்றில் நடக்கிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு. பர்மா தேக்குத் தூண்கள். காலுக்குக் குளிர்ந்த ஆத்தங்குடிக் கற்கள். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்யப்படும் அந்தக் கற்களின் மேல் சக்கர நாற்காலி சத்தமே இல்லாமல் ஓடியது. ஆனால் ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போகும் நிலைப்படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்தில் பாதி. இந்த வீடுகளின் அழகைப் பற்றிப் படம் போட்டு எழுதுகிறவர்கள் இந்த நிலைப்படிகளைப் பற்றி எழுதுவதில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறையிலிருந்து பழைய கதவுப் பலகை ஒன்றை நாள் வாடகை 200 ரூபாய்க்குக் கொண்டுவந்து சாய்தளமாகப் போட்டோம். அதுவும் பர்மா தேக்குதான் என்று தச்சர் பெருமையுடன் சொன்னார்; அதன் எடை அதை உறுதிப்படுத்தியது.

ஒன்பது மணிக்குப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்றது. இரண்டு மணிக்குத்தான் வரும் என்றார்கள். இன்றைக்கு இசையமைப்பாளரின் முறை. அவருடைய ஒலிபெருக்கியில் மின்னேற்றம் இல்லை.

அவர் கொண்டுவந்திருந்தது மேக்கி மேக்கி என்னும் சிறிய மின்பலகை. அதிலிருந்து வரும் கம்பிகளை மின்சாரம் கடத்தும் எந்தப் பொருளில் மாட்டினாலும் அந்தப் பொருள் ஆர்மோனியக் கட்டையைப் போலாகிவிடும். பூமிக்கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அதைத் தொட்டால் சுற்று முழுமையாகி ஒலி பிறக்கும். வழக்கமாக வாழைப்பழத்தை வைத்துச் செய்வாராம். இங்கே வீட்டுக்காரர்கள் விட்டுப்போன பித்தளைச் சாமான்கள் ஓர் அறை முழுவதும் இருந்தன. ஐந்து செம்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மோகன ராகத்தின் ஒரு சுரத்தைக் கொடுத்தார்: ஸ, ரி, க, ப (பஞ்சமம்), த (தைவதம்). எந்த வரிசையில் தொட்டாலும் காதுக்கு உறுத்தாத ராகம். பலகையைக் கைப்பேசியோடு இணைத்து, கைப்பேசியைப் பெரிய பித்தளை அண்டா ஒன்றுக்குள் இறக்கினார்கள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. அண்டாவின் கார்வை வளவு முழுவதும் கேட்டது.

அவருடைய பேச்சைப் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் புரிந்துகொள்ளவில்லை, பிறகு புரிந்துகொண்டார்கள். பெரியவர்கள்தாம் கடைசிவரை என் முகத்தைப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க பேசுறது எங்க தாத்தா பேசுற மாதிரியே இருக்கு, அவருக்குப் பக்கவாதம்" என்றாள். ஆசிரியர்கள் பதறினார்கள். இசையமைப்பாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கால்களும் வலக்கையும் இயங்காத சிறுவன் ஒருவன், பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்து விட்டவன், நாற்காலியில் இருந்தான். அவன் வழக்கமாகப் பள்ளிக்கு வருவதில்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்குச் சென்று சொல்லிக்கொடுக்கிறார். செம்பு அவனுக்கு எட்டாது. இசையமைப்பாளர் ஒரு செம்பைத் தூக்கி அவன் இடக்கையின் கீழேயே வைத்துவிட்டார். பூமிக்கம்பியைப் பிடிக்க அவனுக்கு இன்னொரு கை இல்லை. அதனால் கம்பியைப் பக்கத்துப் பையன் பிடித்துக்கொண்டு, மறுகையால் இவன் தோளைத் தொட வேண்டும். தொட்டால் பஞ்சமம், விட்டால் மௌனம். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் சங்கிலியாகக் கைகோத்து, பன்னிரண்டு பேர் தாண்டியும் ஒலி வருகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். வந்தது. வியர்த்த கை என்பதால் நன்றாகவே வந்தது. ஆசிரியர் ஒருவர் இதை வைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார், இசையமைப்பாளர் தட்டெழுதி அவரை நிறுத்தினார்: "சார், இது மின்சுற்று. இப்போது தைவதம் யார் என்று பார்ப்போம்."

மின்சாரம் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. வெயில் மட்டும் குறையவே இல்லை.

ஜூலை 24, வியாழன்: ஆடி அமாவாசை

தர்ப்பணம் கொடுக்க ஓட்டுநர் இராமேசுவரம் போய்விட்டார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். காலை ஆறு மணிக்குச் சொன்னார். நகரப் பேருந்தில் போனோம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. படிக்கட்டு மட்டும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. கஞ்சிரா வித்துவான் விடுதியிலேயே தங்கிவிட்டார். கோபத்தில் அல்ல, தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது என்றார், தூக்கப்படுகிறவருக்கும் தோள் வலிக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி. பேருந்தில் ஒரு பாட்டி மிருதங்க வித்துவானுக்கு இடம்விட்டு எழுந்தார். "ஆத்தா, எனக்குக் கால் நல்லா இருக்கு, நீங்க உக்காருங்க" என்று அவர் சொல்ல, இருவரும் மாறி மாறி மறுத்ததில் அந்த இடத்தில் ஒரு மூட்டை உட்கார்ந்துகொண்டது.

பள்ளியில் வருகை பாதிதான். பட்டறையும் சுமாராகவே போனது.

மாலையில் டீச்சரின் உறவினரான ஆச்சி ஒருவர் பள்ளத்தூரில் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். உளுந்தையும் பாசிப்பருப்பையும் வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிளறிய கும்மாயம் வாழையிலையில் வந்தது. அமாவாசை என்பதால் வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத சமையல்; வாழைக்காய்ப் பொரியல் தனியாகப் பேசத்தக்கது. ஆச்சி சுற்றிவளைக்கவில்லை. "பார்வை பொறவியிலேயா, இடையிலேயா?" என்றார். "பொறவியிலே, ஆச்சி." "அப்ப இருட்டுன்னாலும் என்னன்னு தெரியாது." "தெரியாது, ஆச்சி." "யார்கிட்ட கத்துக்கிட்டீக?" வித்துவானின் முதுகு நிமிர்ந்தது. அடுத்த ஒரு மணி நேரம் குருவைப் பற்றித்தான் பேச்சு. திங்கட்கிழமை நான்கு பேர் மேடையேறியும் கேட்காத கேள்வி அது.

பேச்சு காரைக்குடியின் இசைக்குத் திரும்பியது. வீணை சாம்பசிவ ஐயர் (1888–1958) வாசித்த ஊர். 2023இல் மறைந்த மிருதங்க மேதை காரைக்குடி மணி பிறந்த ஊர். வயலின் வித்துவான் வைத்தியநாதன் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட குன்னக்குடியும் பக்கத்தில்தான். வித்துவான் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுத வேண்டும். கர்நாடக இசையில் பார்வையற்றவர்களுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. கும்பகோணத்துப் புல்லாங்குழல் மேதை சரப சாஸ்திரிகள் (1872–1904) பார்வையற்றவர். கச்சேரி மேடைக்குப் புல்லாங்குழலைத் தனி வாத்தியமாகக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். நம் காலத்தில் வயலின் மேதை எம். சந்திரசேகரன் 2005இல் சங்கீத கலாநிதி ஆனார். காதால் கேட்டு, வாயால் சொல்லிக் கற்கும் முறை என்பதால் ஏடும் எழுத்தும் குறுக்கே நிற்கவில்லை. "எனக்குக் கதவு திறந்தேதான் இருந்துச்சு. தம்பிக்குத்தான் மூடியிருக்கு" என்றார். தம்பி என்றது கஞ்சிரா வித்துவானை. கச்சேரி என்றால் மேடையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும் என்ற வழக்கம், நாற்காலியில் இருப்பவரைப் பக்கவாத்தியமாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறது. வரிசையின் உயரம் கெடுகிறது என்று ஒரு சபாவில் சொன்னார்களாம். ஒரு கையில் பிடித்து மறுகையால் வாசிக்கும் கஞ்சிராவுக்குச் சம்மணம் எதற்கு என்று ஆச்சி கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பள்ளிகளிலும் பார்க்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முந்தைய சட்டத்தின் 7 வகைகளை 21 ஆக விரித்தது. பள்ளி நிகழ்ச்சிகளில் மேடையேறுவது இன்னும் பெரும்பாலும் பாடத் தெரிந்த பார்வையற்ற குழந்தைதான்.

ஜூலை 25, வெள்ளி: மறுபடியும் அதே பள்ளி

இன்றைக்கு வேறொரு பள்ளிக்குப் போக வேண்டும் என்பது திட்டம். செவ்வாய்க்கிழமைப் பள்ளிக்கே திரும்பப் போக வேண்டும் என்று மூவரும் காலையில் சொல்லிவிட்டார்கள். டீச்சருக்கு வருத்தம், அங்கே வாழைமரமெல்லாம் கட்டியிருப்பார்கள் என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் இருந்தாலும் வித்துவான்கள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. பள்ளிக்கு ஒரு முறை போய்க் கைதட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் அது கச்சேரி. பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை நாள். இரண்டாம் முறை போனால்தான் முதல் முறை சொன்னது நின்றதா என்று தெரியும். ஐந்து பள்ளிகள் என்ற எண்ணிக்கை அறிக்கையில் அழகாக இருக்கும். ஒரே பள்ளியில் ஐந்து நாள் இருந்திருந்தால் அறிக்கையில் எழுத ஒன்றும் இருக்காது, பிள்ளைகளிடம் இருக்கும்.

நீல டிரம் மூன்றாம் வகுப்பில் படுத்திருந்தது. அரிசியைச் சாக்கிலேயே வைத்துக்கொண்டாராம் சமையல்காரம்மா. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்திருந்தார்கள். இடையில் கிடைத்த இரண்டு நாளில் அந்தச் சிறுமி ஐந்தின் மேல் ஏழும் கற்றிருந்தாள். கற்றுக்கொடுத்தவன் அன்று வித்துவானின் முழங்காலைத் தொட்ட பையன். டிரம்முக்கு எதிரே யார் உட்காருவது என்பதில் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு கட்சிகள் இருந்தன. நாங்கள் போனபோது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது, அதில் அவளும் ஒரு பக்கம் இருந்தாள். கஞ்சிரா வித்துவான் கஞ்சிராவின் தோலில் உள்பக்கமாகத் தண்ணீர் தடவிச் சுருதியைத் தாழ்த்தி, அதை அவள் கன்னத்தருகே பிடித்து வாசித்தார். அதன் அதிர்வு பட, அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

இதிலும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்கு இந்த ஓசைகள் அனைத்தும் துன்பமாக இருந்தன. காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். இசையமைப்பாளர் மற்றவர்களை விட்டுவிட்டு அவனுடன் வேப்பமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாசிக்காமல் இருப்பதும் பட்டறையில் ஓர் இடம்தான் என்று பிறகு சொன்னார். அதற்கென்று ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்றும், அந்த மூலைக்கு எதிர்முனையில்தான் மிருதங்கம் இருக்க வேண்டும் என்றும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் தேன்குழலும் மாவுருண்டையும் வாங்கினோம். தேன்குழல் அரைக்கிலோ 180 ரூபாய். ரயிலுக்கு முன் இருந்த இரண்டு மணி நேரத்தில், அடுத்த முறைக்கான கடிதம் ஒன்றை மூவரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரே பள்ளி, ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். வரவேற்புரை வேண்டாம், வைத்தே ஆக வேண்டுமென்றால் ஐந்து நிமிடம். பொன்னாடைக்கு ஆகும் தொகையில் இரண்டு பலகை வாங்கிச் சாய்தளம் போட்டு அதைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளவும். வீட்டிலிருந்து கற்கும் பிள்ளைகளை அந்த ஐந்து நாளும் அழைத்துவர ஆட்டோ. சன்மானம் என்று உறையில் வைத்துத் தராமல், வேறெந்த வித்துவானுக்கும் தருவதைப் போலப் பேசிய தொகையை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் செலுத்தவும். இந்தக் கடைசி வரியை நீக்கிவிடலாமா, கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே என்று டீச்சர் தயங்கினார். இசையமைப்பாளர் தட்டெழுதத் தொடங்கினார், கைப்பேசி பேசும்வரை நாங்கள் காத்திருந்தோம்: "அந்த வரியை முதலில் போடுங்கள்."

முதலில் போட்டு, நான்கு பள்ளிகளுக்கும் அனுப்பினோம். இதை எழுதும்வரை ஒரு பள்ளி மட்டும் பதில் அனுப்பியிருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பின் எந்த வாரம் வசதிப்படும் என்று கேட்டிருக்கிறார்கள்.